முகம் பார்க்காத இருக்கை: வேதாகமம் சொல்லும் நியாயாதிபதி

புரசைவாக்கத்தில் எங்கள் சபையில் ஞாயிறு காலை ஆராதனைக்கு முன் முக்கால் மணி நேரம் பிள்ளைகளுக்கு வேதபாடம் எடுக்கிறேன். போன மாதம் நியாயாதிபதிகள் புத்தகத்தைத் தொடங்கினோம். ஒன்பதாவது படிக்கும் பையன் ஒருவன் கையைத் தூக்கினான். "அங்கிள், சிம்சோன் ஒரு நியாயாதிபதின்னு போட்டிருக்கு. அவர் எந்தக் கேஸுக்குத் தீர்ப்புச் சொன்னார்?"

நியாயமான கேள்வி. சிம்சோன் சிங்கத்தைக் கிழித்தார், முந்நூறு நரிகளைப் பிடித்து வாலோடு வால் கட்டித் தீப்பந்தம் வைத்தார், பெலிஸ்தரோடு மோதினார். ஒரு வழக்கையாவது உட்கார்ந்து விசாரித்ததாகக் கதையில் இல்லை. 'நியாயாதிபதி' என்றதும் கறுப்பு அங்கி போட்ட நீதிபதியை நினைத்துக்கொண்டு அந்தப் புத்தகத்தைத் திறப்பவர்கள் எல்லாருக்கும் வரும் குழப்பம்தான் இது. கத்தோலிக்கர்கள் வைத்திருக்கும் திருவிவிலியத்தில் இதே புத்தகத்துக்கு 'நீதித் தலைவர்கள்' என்று பெயர். குழப்பத்தைத் தீர்க்கும் சாவி அந்தத் 'தலைவர்கள்' என்ற சொல்லில் இருக்கிறது.

எபிரெய மொழியில் அந்தச் சொல் 'ஷோஃபேத்'. வழக்கைத் தீர்ப்பவர், ஆளுகிறவர், நெருக்கப்படுகிறவர்களை விடுவிக்கிறவர் என்ற மூன்று அர்த்தமும் அதற்குள் அடங்கும். நசுக்கப்பட்டவனை எழுப்பி நிறுத்துவதும் அந்தக் காலத்து மனதுக்கு நியாயம் செய்வதுதான். ஒத்னியேல் முதல் சிம்சோன் வரை பன்னிரண்டு பேரை வழக்கமாக எண்ணுவார்கள். அவர்களில் உட்கார்ந்து வழக்குக் கேட்டதாகக் காட்சியோடு சொல்லப்படுவது ஒரே ஒருவரைத்தான். அவர் ஒரு பெண். எப்பிராயீம் மலைநாட்டில் ராமாவுக்கும் பெத்தேலுக்கும் நடுவே ஒரு பேரீச்சமரத்தின் கீழ் தெபொராள் உட்கார்ந்திருப்பார், ஜனங்கள் நியாயம் கேட்டு மலையேறி அவரிடம் போவார்கள். இதைச் சொன்னதும் வகுப்பில் பெண் பிள்ளைகள் பக்கம் ஒரு சலசலப்பு. பையனும் சமாதானம் ஆகிவிட்டான். எனக்குத்தான் விஷயம் முடியவில்லை. வேதாகமம் ஒரு நீதிபதியிடம் உண்மையில் எதை எதிர்பார்க்கிறது என்று முதலிலிருந்து பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன்.

முதல் காட்சி யாத்திராகமம் 18ஆம் அதிகாரம். வனாந்தரத்தில் மோசே ஒற்றை ஆளாக உட்கார்ந்து வழக்குகளைக் கேட்கிறார். காலையிலிருந்து சாயங்காலம் வரை சனம் காத்து நிற்கிறது. மருமகனைப் பார்க்க வந்த மாமனார் எத்திரோ இதைக் கவனித்துவிட்டு, 'நீ செய்வது சரியில்லை, நீயும் களைத்துப்போவாய், இந்த ஜனமும் களைத்துப்போகும்' என்கிறார். ஆயிரம் பேருக்கு, நூறு பேருக்கு, ஐம்பது பேருக்கு, பத்துப் பேருக்கு என்று ஆட்களை வை, பெரிய விவகாரம் மட்டும் உன்னிடம் வரட்டும் என்பது அவர் யோசனை. கீழமை நீதிமன்றம், மேல்முறையீடு என்று நாம் இன்று வைத்திருக்கும் அடுக்கின் சாயல் இதில் தெரியும். தாமதமும் ஒரு அநியாயம்தான் என்பதை முதலில் கண்டுபிடித்தவர் மீதியானியரான ஒரு மாமனார் என்பதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம் உண்டு.

அந்த ஆட்களுக்கு எத்திரோ சொல்லும் தகுதிகளையும் கவனியுங்கள். திறமை வேண்டும், தேவனுக்குப் பயப்பட வேண்டும், உண்மை இருக்க வேண்டும், பொருளாசையை வெறுக்க வேண்டும். இந்தப் பட்டியலைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள், கடைசியில் தேவைப்படும்.

அப்புறம் இடம். கானானில் குடியேறிய பிறகு வழக்கு நடக்கும் இடம் ஊர் வாசல். உன் வாசல்களிலெல்லாம் நியாயாதிபதிகளை ஏற்படுத்து என்கிறது உபாகமம் 16. நம் கிராமத்து ஆலமரத்தடி மாதிரிதான். வயலுக்குப் போகிறவன், சந்தையிலிருந்து வருகிறவன், எல்லாரும் கடந்து போகும் இடம், ஒளிவுமறைவு இல்லை. விதவையான ரூத்தின் நிலத்தையும் மறுமணத்தையும் பற்றிய விவகாரத்தைப் போவாஸ் முடித்தது அங்கேதான். பத்து மூப்பர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தார், உரிமையை விட்டுக்கொடுத்த உறவுமுறைக்காரன் அதற்கு அடையாளமாகத் தன் செருப்பைக் கழற்றிக் கொடுத்தான், பத்திரம் முடிந்தது. (சிம்சோனோ காசா ஊர் வாசல் கதவையே நிலையோடு பெயர்த்துத் தோளில் தூக்கிக்கொண்டு போனவர். நியாயஸ்தலத்தையே பெயர்த்த நியாயாதிபதி என்று பையனிடம் சொல்லியிருக்கலாம். அப்போது தோன்றவில்லை.)

சரி, அந்த வாசலில் உட்காருகிறவர் எப்படி நடக்க வேண்டும்? லேவியராகமம் 19:15 ஒரே வசனத்தில் சொல்லிவிடுகிறது. சிறியவனுக்கு முகதாட்சிணியம் செய்யாதே, பெரியவனுடைய முகத்துக்கு அஞ்சாதே.

'முகதாட்சிணியம்' என்ற சொல் இன்றைய பிள்ளைகளுக்கு வாயில் நுழையாது. ஆனால் அது சொல்லும் விஷயம் நம் வீட்டுப் பேச்சில் தினமும் இருக்கிறது. 'அவர் முகத்துக்காகத்தான் விட்டேன்', 'ஆளு முகம் பார்த்துப் பேசுவான்', 'தெரிஞ்ச முகமா இருந்தா உடனே முடியும்.' எபிரெயத்திலும் இது முகம்தான். 'முகத்தைத் தூக்கிவிடாதே' என்பது லேவியராகமத்தின் சொற்கட்டு. தரையில் பணிந்து கிடக்கிறவனின் முகத்தை நிமிர்த்திவிட்டால் உனக்குக் கருணை கிடைத்துவிட்டது என்று அர்த்தம். உபாகமம் இன்னும் நேராக, 'முகத்தை அடையாளம் கண்டுகொள்ளாதே' என்கிறது. எதிரே நிற்பவர் யார் என்று தெரிந்தாலும், தீர்ப்புச் சொல்லும் நேரத்துக்குத் தெரியாதவராக இரு.

இதில் முதல் பாதி பலருக்கு உறுத்தும். பெரியவனுக்கு அஞ்சாதே என்றால் புரிகிறது. ஏழைக்கும் தாட்சிணியம் கூடாதா? வேதாகமத்தின் கடவுள் ஏழைகள் பக்கம் என்றுதானே பிரசங்கத்தில் கேட்கிறோம்? யாத்திராகமம் 23ஆம் அதிகாரத்தில் இரண்டும் மூன்று வசன இடைவெளியில் வருகின்றன. 3ஆம் வசனம் வழக்கில் தரித்திரனுக்கு முகதாட்சிணியம் வேண்டாம் என்கிறது. 6ஆம் வசனம் எளியவனுடைய நியாயத்தைப் புரட்டாதே என்கிறது. நான் புரிந்துகொண்டது இதுதான். வயலின் ஓரத்துக் கதிரை ஏழைக்கு விட்டுவை, கடனுக்கு வட்டி வாங்காதே, அடகு வாங்கிய போர்வையைச் சூரியன் மறையும் முன் திருப்பிக் கொடு என்று அதே சட்டம் சொல்கிறது. இரக்கத்துக்கு அவை இடம். தராசு பிடித்த கைக்கு அந்த வேலை கிடையாது. ஏழை என்பதற்காக அவன் சொல்லும் பொய் உண்மையாகிவிடாது.

ஆனால் இரண்டு பக்கமும் சம ஆபத்து என்று வேதாகமம் நினைக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். தீர்க்கதரிசிகளைத் திறந்தால் கூச்சல் ஒரே திசையிலிருந்துதான் வரும். ஏசாயா முதல் அதிகாரத்தில் எருசலேம் பிரபுக்களைப் பார்த்து, விதவையின் வழக்கு உங்களிடம் வந்து சேர்வதே இல்லை என்கிறார். தோற்றுப்போகிறது என்றுகூடச் சொல்லவில்லை. படியேறவே இல்லை. ஆமோஸ் 'வாசலிலே நியாயத்தை நிலைநிறுத்துங்கள்' என்று கத்துகிறார். மீகா, தலைவர்கள் பரிதானத்துக்கு நியாயந்தீர்க்கிறார்கள் என்கிறார்.

பரிதானம் என்றால் லஞ்சம். இதைப் பற்றி யாத்திராகமம் 23:8 சொல்வது, அது பார்வையுள்ளவர்களைக் குருடாக்கும் என்று. உபாகமத்தில் ஞானிகளின் கண்கள் என்றே வருகிறது. அயோக்கியனுக்குச் சொன்ன எச்சரிக்கை இல்லை இது. நன்றாகப் பார்க்கத் தெரிந்தவனுக்குச் சொன்னது. கவரை வாங்கிக்கொண்டு நான் நியாயமாகத்தான் தீர்ப்பேன் என்று அவன் உண்மையிலேயே நம்புவான். கண் போனது அவனுக்குத் தெரியாது. அப்போஸ்தலர் 24இல் பேலிக்ஸ் என்ற ரோம ஆளுநர் காவலில் இருக்கும் அப்போஸ்தலன் பவுலை அடிக்கடி கூப்பிட்டுப் பேசுகிறார். பக்தி விசாரிக்கிறார் என்று நினைத்தால், பணம் ஏதாவது தருவான் என்ற எதிர்பார்ப்பு என்று அதை எழுதிய லூக்கா போட்டு உடைக்கிறார். இரண்டு வருஷம் அப்படியே போனது. தீர்ப்பும் இல்லை, விடுதலையும் இல்லை.

இதற்கு எதிர்முனையில் சாமுவேல். வருஷாவருஷம் பெத்தேல், கில்கால், மிஸ்பா என்று சுற்றுப்பயணம் போய் வழக்குக் கேட்டுவிட்டு ராமாவில் இருக்கும் வீட்டுக்குத் திரும்புவார். வயதாகி விடைபெறும்போது சனத்தைக் கூட்டிவைத்து, நான் யாருடைய எருதை எடுத்தேன், யாருடைய கழுதையை எடுத்தேன், யார் கையில் பரிதானம் வாங்கி என் கண்களை மூடிக்கொண்டேன், சொல்லுங்கள், திருப்பித் தருகிறேன் என்கிறார். ஓய்வுபெறும் நாளில் மாலையும் பொன்னாடையும் வாங்காமல் கணக்குக் கொடுத்த மனிதர். ஆனால் அவர் நியாயாதிபதிகளாக வைத்த இரண்டு மகன்கள், யோவேலும் அபியாவும், பெயெர்செபாவில் பரிதானம் வாங்கினார்கள். அதைச் சொல்லித்தான் ஜனங்கள் எங்களுக்கு ஒரு ராஜா வேண்டும் என்று கேட்டார்கள். நேர்மை வாரிசாக இறங்கும் என்று வேதாகமம் எங்கேயும் உத்தரவாதம் கொடுக்கவில்லை.

இவ்வளவு கண்டிப்பு ஏன்? அந்த இருக்கை அதில் உட்காருகிறவருடையது இல்லை என்பதால். நியாயத்தீர்ப்பு தேவனுடையது என்று மோசே சொல்கிறார். யோசபாத் ராஜா யூதாவின் அரணான பட்டணங்களில் நியாயாதிபதிகளை நியமித்தபோது, நீங்கள் மனுஷனுக்காக அல்ல, கர்த்தருக்காகத் தீர்ப்புச் செய்கிறீர்கள், ஜாக்கிரதை என்று சொல்லி அனுப்பினார். ராஜா தானே வேலைக்கு வைத்த ஆட்களிடம், எனக்காக இல்லை என்கிறார். 82ஆம் சங்கீதம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. அங்கே 'தேவர்கள்' என்று அழைக்கப்படுகிறவர்களை நியாயாதிபதிகள் என்றே பலரும் விளக்குவார்கள். ஏழைக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் நியாயம் செய்யவில்லை என்று கண்டித்துவிட்டு, நீங்களும் மனுஷரைப் போலச் செத்துத்தான் போவீர்கள் என்று முடிக்கிறது.

நம் நீதிமன்றங்கள் மோசேயின் சட்டத்தில் ஓடவில்லை, அரசியல் சாசனத்தில் ஓடுகின்றன. மோசேயின் சட்டத்தில் இருக்கும் பல தண்டனைகளை இன்று யாரும் ஏற்க மாட்டோம் என்பதும் உண்மை. ஆனாலும் உயர் நீதிமன்ற நீதிபதி பதவியேற்கும்போது எடுக்கும் உறுதிமொழியை, சாசனத்தின் மூன்றாவது அட்டவணையில், படித்துப் பாருங்கள். அச்சமோ சலுகையோ, விருப்போ வெறுப்போ இல்லாமல் கடமை செய்வேன் என்று வரும். லேவியராகமத்து வசனத்தின் பக்கத்தில் வைத்தால் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும்.

முகம் பார்க்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குச் சொந்த அனுபவம் உண்டு. எங்கள் குடியிருப்பில் பன்னிரண்டு வீடு. இரண்டு வருஷம் சங்கச் செயலாளராக இருந்தேன். ஒருநாள் காலை தரைத்தளத்து அம்மா வந்து, மேல்வீட்டுப் பையன் பைக்கை எடுக்கும்போது என் ஸ்கூட்டியைக் கீறிவிட்டான் என்று கோட்டைக் காட்டினார். நீளமான கீறல். அவர் என் அம்மா வயது, பண்டிகைக்குப் பலகாரம் கொடுத்தனுப்புகிறவர். பையனோ ராத்திரி பன்னிரண்டு மணிக்குச் சத்தமாக பைக்கில் வருகிறவன். மாடிப்படியிலேயே நிறுத்தி நன்றாகக் கொடுத்தேன். அவன் முழுவதையும் கேட்டுவிட்டு, "சார், என் வண்டி மூணு நாளா சர்வீஸ்ல இருக்கு" என்று போனில் ரசீதைக் காட்டினான். நீதிமொழிகள் 18:17 எனக்கு மனப்பாடம். தன் வழக்கை முதலில் சொல்கிறவன் நியாயவான்போல் தெரிவான், அடுத்தவன் வந்து அவனைப் பரிசோதிக்கும் வரை. மனப்பாடமாக இருந்து என்ன செய்ய.

அதனால்தான் சாட்சி விஷயத்தில் சட்டம் அவ்வளவு கறார். ஒரே சாட்சியை வைத்து யாரையும் குற்றவாளியாக்கக் கூடாது, இரண்டு மூன்று பேர் வேண்டும். பொய்ச்சாட்சி என்று தெரிந்தால், அடுத்தவனுக்கு என்ன தண்டனை வாங்கித்தர நினைத்தானோ அது அவனுக்கே. மரண தண்டனை என்றால் முதல் கல்லைச் சாட்சி சொன்னவனே எறிய வேண்டும். கேமரா இல்லாத, கைரேகை தெரியாத உலகத்தில் பொய்யைத் தடுக்க இருந்த வேலி இதுதான்.

அந்த வேலியை வைத்தே ஒருவனைக் கொல்ல முடியும் என்பதையும் வேதாகமம் மறைக்கவில்லை. 1 இராஜாக்கள் 21. யெஸ்ரயேலில் நாபோத்துக்கு ஒரு திராட்சத்தோட்டம், ஆகாப் ராஜாவின் அரண்மனைக்குப் பக்கத்தில். ராஜாவுக்குக் காய்கறி போட அந்த இடம் வேண்டும். பதிலுக்கு நல்ல தோட்டம் தருகிறேன், இல்லையென்றால் விலை தருகிறேன் என்கிறார். நாபோத், அது முன்னோர் சொத்து, கொடுக்க மாட்டேன் என்கிறார். ராஜா போய்க் கட்டிலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்துச் சாப்பிடாமல் கிடக்கிறார். அரசி யேசபேல் கொலைகாரனை அனுப்பவில்லை. கடிதம் எழுதினாள். ராஜாவின் முத்திரை போட்டு, ஊர் மூப்பர்களுக்கு. உபவாசம் கூறுங்கள், நாபோத்தைச் சபையில் முன்னால் உட்கார வையுங்கள், எதிரே இரண்டு பேரை உட்கார வையுங்கள், அவன் தேவனையும் ராஜாவையும் தூஷித்தான் என்று அவர்கள் சாட்சி சொல்லட்டும். இரண்டு பேர். சட்டம் கேட்ட எண்ணிக்கை அதுதானே. விசாரணை நடந்தது, ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் கல்லெறிந்தார்கள், தோட்டம் ராஜாவுக்கு.

மெரினாவில் சிலம்பைத் தூக்கிப் பிடித்து நிற்கும் கண்ணகி சிலையைக் கடக்கும்போது இந்தக் கதை நினைவுக்கு வரும். பாண்டியன் பொற்கொல்லன் பேச்சை மட்டும் கேட்டு, கோவலனைக் கேட்காமல் விட்டான். தப்பு தெரிந்ததும் உயிரையே விட்டான். யெஸ்ரயேல் மூப்பர்கள் எல்லாவற்றையும் முறைப்படிச் செய்தார்கள். வெளிப்பார்வைக்குச் சட்டத்தின் ஒரு வரியைக்கூடத் தாண்டவில்லை. தீர்க்கதரிசி எலியா தோட்டத்துக்கே போய் ஆகாபைப் பிடித்துக் கேட்கிறார், கொலையும் செய்து சொத்தையும் எடுத்துக்கொண்டாயா என்று. மூப்பர்களுக்கு என்ன ஆயிற்று? கதையில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. மறுநாளும் அதே வாசலில் போய் உட்கார்ந்திருப்பார்கள் என்றே எனக்குத் தோன்றும்.

இன்னொரு ஆளையும் விட முடியாது. தாவீதின் மகன் அப்சலோம். அதிகாலையில் எழுந்து வாசல் வழியில் நின்றுகொள்வான். ராஜாவிடம் வழக்குக் கொண்டுவருகிறவர்களைக் கூப்பிட்டு எந்த ஊர் என்று விசாரித்து, உன் பக்கம்தான் நியாயம், ஆனால் கேட்கத்தான் ஆள் இல்லை, நான் மட்டும் நியாயாதிபதியாக இருந்தால்! என்பான். வணங்க வந்தவனைத் தூக்கி முத்தமிடுவான். வருகிற ஒவ்வொருவரிடமும் உன் பக்கம்தான் நியாயம் என்றால், எதிர்க்கட்சிக்காரனும் அதே வாசல் வழியாகத்தானே வந்திருப்பான்? இது நடந்தது 2 சாமுவேல் 15இல். எந்த ஊரிலும் நடக்கும்.

'மற்றவர்களைக் குற்றவாளிகளென்று தீர்க்காதிருங்கள்' என்று இயேசு சொல்லியிருக்கும்போது கிறிஸ்தவன் நீதிபதி ஆகலாமா என்று வகுப்பில் கேட்பார்கள். மத்தேயு 7இல் அந்தப் பேச்சு தன் கண்ணில் உத்தரத்தை வைத்துக்கொண்டு அடுத்தவன் கண்ணில் துரும்பு தேடுகிறவனைப் பற்றியது, நீதிமன்றத்தைப் பற்றியது அல்ல. தோற்றத்தின்படி தீர்க்காமல் நீதியின்படி தீருங்கள் என்று யோவான் 7இல் சொன்னவரும் அவரே. நம் ஊரில் மாயூரத்து முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை கிறிஸ்தவர்தான்.

கடைசியாக லூக்கா 18. இயேசு சொன்ன கதையில் ஒரு நியாயாதிபதி வருகிறான். தேவனுக்குப் பயப்பட மாட்டான், மனுஷரை மதிக்க மாட்டான். எத்திரோவின் பட்டியலை எடுத்துத் தலைகீழாகப் பிடித்தால் இந்த ஆள் கிடைப்பான். அவனிடம் ஒரு விதவை போகிறாள். கொடுக்கப் பணம் இருப்பதாகவோ, கூடப் பேச ஆண் துணை இருப்பதாகவோ கதையில் ஒன்றும் இல்லை. அவளிடம் இருப்பது திரும்பத் திரும்ப வருவது ஒன்றுதான். கடைசியில், இவள் தொல்லை தாங்கவில்லை என்றே அவன் நியாயம் செய்கிறான். இப்படிப்பட்டவனே செய்வான் என்றால் தேவன் செய்ய மாட்டாரா என்று இயேசு கேட்கிறார். ஜெபத்தைப் பற்றிய கதை என்று லூக்காவே முன்னுரை கொடுத்துவிடுகிறார். இருந்தாலும் நான் அந்த விதவையைப் பற்றியே யோசிப்பேன், எத்தனை தடவை நடந்திருப்பாள் என்று.

சில வருஷங்களுக்கு முன் ஒரு வாடகைத் தகராறில் சாட்சியாகப் பாரிமுனைப் பக்கம் ஒரு நீதிமன்ற வராந்தாவில் காத்திருந்தேன். பக்கத்தில் ஒரு பாட்டி. மடியில் மஞ்சள் பை, அதற்குள் நூல் சுற்றிய காகிதக் கட்டு. டவாலி பெயர் கூப்பிடும்போதெல்லாம் எழுந்து நின்று, தன் பெயர் இல்லை என்றதும் உட்கார்ந்தார். பன்னிரண்டரைக்கு ஜூனியர் வக்கீல் ஒருவர் ஓடிவந்து, "வாய்தா போட்டாச்சும்மா" என்று ஒரு துண்டுச் சீட்டைக் கையில் கொடுத்துவிட்டு அடுத்த ஹாலுக்குப் போய்விட்டார். பாட்டி சீட்டை என்னிடம் நீட்டினார். கண்ணாடி வீட்டில் இருக்கிறதாம். தேதியைப் படித்துச் சொன்னேன், ஏழு வாரம் தள்ளி. விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். "ஆவணியில பேத்திக்குக் காதுகுத்து. அது முடிஞ்சுதான் வருது, பரவாயில்ல" என்று சொல்லி, சீட்டைக் கட்டுக்குள் செருகி நூலைத் திரும்பச் சுற்ற ஆரம்பித்தார்.